விதைக்குள் ஒளிந்த கரி

கோதுமைக் கதிர் உள்ளுக்குள்ளேயே ஏன் கரியாகிப் போகிறது என்று 1750-இல் பிரான்ஸ் நாட்டு உழவர்களைக் கேட்டிருந்தால் ஆளுக்கொரு காரணம் கிடைத்திருக்கும். பனிமூட்டம் என்பார் ஒருவர். ஆட்டு எரு போட்டதன் வினை என்பார் அடுத்தவர். மழைக்குப் பின் அடித்த வெயில், பூச்சி, மண்ணின் ஈரம் என்று பட்டியல் நீளும். நோயின் அடையாளத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் நன்றாகவே நிற்கும். கதிரை ஒடித்து ஒரு மணியை நகத்தால் கீறினால் மாவு இராது, கறுப்புப் பொடிதான் கொட்டும். கூடவே அழுகிய மீன் நாற்றம் எழும். கதிரடிக்கும்போது இந்த மணிகள் உடைந்து பொடி எங்கும் பறக்கும். நல்ல மணிகளிலும் அது ஒட்டிக்கொள்ளும். அரைத்த மாவிலும் சுட்ட ரொட்டியிலும் அந்த நாற்றம் ஏறிவிடும்.

இதற்குக் காரணம் கண்டு சொல்பவருக்குப் போர்தோ நகர அறிவியல் கழகம் பரிசு அறிவித்தது. பரிசை வென்ற மாத்தியூ டில்லெட்டுக்குத் தொழில் உழவு அல்ல. அவர் துருவா நகர நாணயச் சாலையின் இயக்குநர். எடையும் மாற்றும் பார்த்துப் பழகிய மனிதர் வயலுக்கு வந்தபோது செய்த முதல் வேலை, ஊரார் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட ஒதுக்காமல் எல்லாவற்றையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டதுதான். நிலத்தை 120 பாத்திகளாகப் பிரித்தார். ஒரு பகுதிக்கு ஒரு வகை எரு, அடுத்ததற்கு வேறொன்று, இன்னொன்றுக்கு எருவே இல்லை. விதைக்கும் நாளையும் மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு பகுதியிலும் சில பாத்திகளில் சுத்தமான விதையைப் போட்டார், சிலவற்றில் கறுப்புப் பொடியைப் பூசிய விதையைப் போட்டார், சிலவற்றில் பொடி பூசியபின் சுண்ணாம்பும் உப்பும் வெடியுப்பும் கரைத்த நீரில் ஊறவைத்த விதையைப் போட்டார்.

கதிர் முற்றியபோது எருவுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. விதைத்த நாளும் பனிமூட்டமும் குற்றவாளிகள் அல்ல. பொடி பூசிய விதை எங்கே விழுந்ததோ அங்கே கரி விளைந்தது. ஊறவைத்துக் கழுவிய இடத்தில் நோய் வெகுவாகக் குறைந்தது. 1755-இல் இந்த முடிவுகள் நூலாக வந்தன. மறு ஆண்டு பதினைந்தாம் லூயி மன்னரின் முன்னிலையில், வெர்சாய் அரண்மனையைச் சேர்ந்த திரியனோன் தோட்டத்தில் சோதனை மீண்டும் நடந்தது. புள்ளியியல் என்ற துறையே பிறக்காத காலம் அது. ஒரே நேரத்தில் பல காரணங்களைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையை அன்று ஒருவர் தானாகவே வகுத்திருக்கிறார். பயிர் நோயியலில் இதைவிட அழகான சோதனைகள் மிகக் குறைவு என்பது என் எண்ணம். பிற்காலத்தில் இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு டில்லெட்டியா என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் அது பூஞ்சை என்று டில்லெட்டுக்குத் தெரியாது. கறுப்புப் பொடியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, அது விதையிலிருந்து செடிக்கு ஏறுகிறது என்பதோடு அவர் நின்றுவிட்டார். பொடிக்கு உயிர் உண்டு என்று காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதைக் காட்டியவர் ஜெனீவாவில் பிறந்து தெற்கு பிரான்சின் மோந்தோபானில் வாழ்ந்த பெனடிக்ட் பிரெவோ. கறுப்புப் பொடியை நீரில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு துகளும் முளைவிட்டது, இழை நீட்டியது. அவை பொடியே அல்ல, ஒரு நுண்ணிய செடியின் வித்துகள் என்று 1807-இல் எழுதினார். உயிருள்ள ஒரு நுண்ணுயிர் இன்னொரு உயிருக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது என்ற கருத்தைப் பாஸ்டரின் ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் கோதுமையை வைத்து நிறுவிவிட்டார். பாரிஸ் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நோயுற்ற செடியிலிருந்துதான் பூஞ்சை தோன்றுகிறது, பூஞ்சையால் நோய் வருவதில்லை என்ற பழைய நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது.

பிரெவோவின் கண்ணில் இன்னொன்றும் பட்டது. செம்புப் பாத்திரத்தில் இருந்த நீரில் அந்த வித்துகள் முளைக்கவில்லை. மிகமிகச் சொற்ப அளவு செம்பு கரைந்திருந்தாலே முளைப்பு நின்றுபோயிற்று. அங்கிருந்து மயில்துத்தக் கரைசலில் விதையை ஊறவைக்கும் முறைக்கு வந்தார். திராட்சைக்குச் செம்பு மருந்து தெளித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே கோதுமை விதைக்குச் செம்பு காவலாக வந்துவிட்டது.

இனி அந்தப் பூஞ்சை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வித்து விதையின் தோலில், குறிப்பாக மணியின் நுனியில் உள்ள மெல்லிய மயிர்க்கற்றையில் தங்கியிருக்கும். விதையோடு மண்ணுக்குள் போகும். விதைக்கு ஈரம் கிடைக்கும் அதே நேரத்தில் வித்துக்கும் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக முளைக்கும். வித்திலிருந்து நீண்ட மெல்லிய துணை வித்துகள் கொத்தாக வெளிவரும். அவை இரண்டிரண்டாக இணைந்தபின்தான் நோயை உண்டாக்கும் வலு வரும். அந்த இழை, குருத்து தரைக்கு மேல் தலைகாட்டுவதற்கு முன்பே அதைத் துளைத்து உள்ளே போகவேண்டும். குருத்து வெளியே வந்து பச்சை கட்டிவிட்டால் வாய்ப்பு போயிற்று.

ஆகவே இது ஓர் ஓட்டப்பந்தயம். முடிவு செய்வது மண்ணின் வெப்பநிலை. 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் கோதுமை மெதுவாக முளைக்கும், பூஞ்சைக்கோ அதுதான் பிடித்த வெப்பம். மண் சூடாக இருந்தால் பயிர் முந்திவிடும். நாற்றக் கரிப்பூட்டை எனப்படும் இந்த நோய் இந்தியாவில் இமயமலையை ஒட்டிய குளிர்ப் பகுதிகளில் தொல்லை தருவதற்கும் கங்கைச் சமவெளியில் அவ்வளவாகத் தலைகாட்டாததற்கும் இது முக்கியக் காரணம்.

உள்ளே புகுந்த இழை அவசரப்படுவதில்லை. செடியின் வளர்முனையோடு சேர்ந்து மேலே மேலே போகும். இலை வாடாது, தண்டு கருகாது. சில மாதம் கழித்துக் கதிர் உருவாகும்போது சூலகத்துக்குள் நுழைந்து, மணியாக வேண்டிய இடம் முழுவதையும் வித்துகளால் நிரப்பும். அப்படி ஒரு மணிக்குள் பல லட்சம் வித்துகள் இருக்கும். மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில்அமீன், கடல்மீன் அழுகும்போது வரும் அதே வேதிப்பொருள்தான். இந்தப் பொடி எரியவும் செய்யும். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அமெரிக்காவின் வடமேற்கில் பல கதிரடிப்பு இயந்திரங்கள் வயலிலேயே வெடித்துத் தீப்பற்றின. இயந்திரத்துக்குள் மேகமாகச் சூழ்ந்த கரிப்பொடியில் நிலைமின் பொறி பட்டதே அதற்குக் காரணம்.

விதையை ஊறவைத்து விதைக்கும் வழக்கம் டில்லெட்டுக்கும் முந்தியது. 1733-இல் இங்கிலாந்தின் ஜெத்ரோ டல் தம் வேளாண் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பிரிஸ்டல் அருகே கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று மூழ்கியது. கடல்நீரில் நனைந்த தானியம் ரொட்டிக்கு உதவாது என்பதால் அதை எடுத்து விதைத்தார்கள். அந்த ஆண்டு சுற்றுவட்டாரமெங்கும் கரிப்பூட்டை வாட்டியபோது உப்பில் நனைந்த அந்த விதையின் விளைச்சல் மட்டும் சுத்தமாக இருந்ததாம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தின்ன முடியாத தானியம் விதையாயிற்று என்ற செய்தி. கோதுமையில் விதை வேறு, உணவு வேறு என்று இயற்கை பிரித்து வைக்கவில்லை. ஒரே குவியலிலிருந்து ஒரு பங்கு ஆலைக்குப் போகிறது, ஒரு பங்கு அடுத்த பருவத்துக்காக ஒதுக்கப்படுகிறது. பசி வந்தால் ஒதுக்கியதும் அடுப்பங்கரைக்கு வந்துவிடும். விதைக்கு எந்த மருந்தைப் பூசினாலும் அது மனிதர் வாய்க்கும் போகக்கூடிய பொருளில்தான் பூசப்படுகிறது. விதை நேர்த்தியின் வரலாற்றில் இதை மறந்த இடங்களிலெல்லாம் பேரழிவு நடந்திருக்கிறது.

அதற்குப் போகுமுன் இன்னொரு கரிப்பூட்டையைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதனிடம் மயில்துத்தம் தோற்றது. உதிர் கரிப்பூட்டை என்ற இந்த நோயில் மணி மட்டுமல்ல, கதிரே கரியாக வெளிவரும். நல்ல கதிர்களுக்குச் சில நாள் முன்னதாகவே வந்து நிற்கும். காற்று பொடியை அடித்துக்கொண்டு போனபின் வெறும் ஈர்க்கு மட்டும் மிஞ்சும். பஞ்சாபில் இதைக் கங்கியாரி என்பார்கள். காற்றில் போன வித்துகள் சும்மா போவதில்லை. பக்கத்துச் செடிகள் அப்போதுதான் பூத்திருக்கும். பூவில் விழுந்த வித்து முளைத்து இளம் சூலகத்துக்குள் நுழைந்து, உருவாகும் கருவுக்குள் படுத்துக்கொள்ளும். அந்த மணி மற்ற மணிகளைப் போலவே பருத்து முற்றும். எடை குறையாது, நிறம் மாறாது, முளைப்புத்திறனும் கெடாது. எந்தச் சல்லடையாலும் அதைப் பிரிக்க முடியாது. அடுத்த பருவத்தில் கரு விழிக்கும்போது பூஞ்சையும் விழிக்கும். தொற்று பூ வழியாக நடக்கிறது என்பதை 1890-களில் டாஸ்மேனியாவில் மேடாக்ஸ் என்பவர் காட்டும்வரை, விதையைக் கழுவியும் நோய் போகாததன் காரணம் புரியாமலே இருந்தது.

உள்ளே இருப்பதை எட்டும் மருந்து அன்று இல்லை. வெப்பம் எட்டும். 1880-களின் இறுதியில் டென்மார்க்கின் யென்சன் வெந்நீர் முறையைக் கொண்டுவந்தார். விதையைச் சில மணி நேரம் சாதாரண நீரில் ஊறவைத்து, பிறகு சுமார் 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் பூஞ்சை பிழைக்கும், கொஞ்சம் கூடினால் கருவே செத்துவிடும். வெப்பமானியும் கொப்பரையும் பொறுமையும் உள்ள ஆய்வுப் பண்ணைக்கு அது சரி. நூறு கிலோ விதை வைத்திருக்கும் குடியானவருக்கு?

பஞ்சாபின் லயால்பூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றிய ஜெய் சந்த் லூத்ரா அந்தக் குடியானவரை மனத்தில் வைத்து யோசித்தார். பஞ்சாபில் மே, ஜூன் மாத வெயில் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலையே கொப்பரையாக்கினார். காலை எட்டு மணிக்கு விதையை நீரில் போடவேண்டும். நான்கு மணி நேரம் ஊறட்டும். நண்பகலில் நீரை வடித்து, செங்கல் தளத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, மாலை நான்கு மணிவரை காயவிட வேண்டும். நன்றாக உலர்ந்ததும் அள்ளிச் சேமித்துவிடலாம். விதைப்பு அக்டோபர், நவம்பரில்தான். சத்தார் என்பவருடன் சேர்ந்து செய்த சோதனைகளை லூத்ரா 1934-இல் வெளியிட்டார்.

இதன் நுட்பம் ஊறவைப்பதில் இருக்கிறது. உலர்ந்த விதைக்குள் உறங்கும் பூஞ்சை இழை வெயிலைத் தாங்கும். நனைந்ததும் அது விழித்துச் செயல்படத் தொடங்கும், அந்த நிலையில் சூட்டைத் தாங்கும் சக்தி அதற்குப் போய்விடும். கரு முழுவதும் விழித்து முளைவிடுவதற்குள் தானியம் காய்ந்துவிடுவதால் விதை பிழைத்துக்கொள்ளும். செலவு என்று பார்த்தால் நீரும் ஒரு நாள் உழைப்பும்தான். இன்னொரு சிறப்பை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்படி நேர்த்தி செய்த விதை விதைப்புக்குப் போக மிஞ்சினால் அதை அரைத்து ரொட்டி சுடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. லயால்பூர் இன்று பாகிஸ்தானின் பைசலாபாத். எல்லையின் இரு பக்கத்துக்கும் பயன்பட்ட இந்தக் கண்டுபிடிப்பு பள்ளிப் பாடங்களில் இடம் பெறாதது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் உலகம் ஏற்கெனவே வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் கரிமப் பாதரசச் சேர்மங்கள் விதை மருந்தாக வந்தன. அவை அபாரமாக வேலை செய்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கரிப்பூட்டையை மட்டுமன்றி, பியூசேரியம் போன்ற பூஞ்சைகளால் வரும் நாற்றுக் கருகலையும் தடுத்தன. பூக்கும் காலத்தில் மழை பெய்தால் பியூசேரியம் மணியில் ஏறி அதைச் சுருங்கி வெளுக்க வைக்கும். அந்த விதை குளிர்ந்த ஈர மண்ணில் விழுந்தால் முளை பழுப்பாகிச் சுருண்டு வெளியே வராமலே அழுகிவிடும். கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நேபாளத் தராயிலும் பைபோலாரிஸ் என்ற இன்னொரு பூஞ்சை இதே வேலையைச் செய்கிறது, அங்கே மணியின் முளைப்பக்கம் கறுத்திருக்கும். ஒரே மருந்தால் இத்தனைக்கும் தீர்வு கிடைத்தபோது பாதரசம் எல்லா நாடுகளிலும் பரவியது.

முதலில் செத்தவை பறவைகள். ஸ்வீடனில் விதைத்த வயலில் மணி பொறுக்கிய பறவைகளும் அவற்றைத் தின்ற வேட்டைப் பறவைகளும் 1950-களிலும் 60-களிலும் மாண்டன. அந்நாடு 1966-இல் அந்த வகைப் பாதரச விதை மருந்தை நிறுத்தியது.

இராக்கில் 1956-இலும் 1960-இலும் மருந்திட்ட விதையைத் தின்றவர்கள் நஞ்சேறி இறந்திருந்தார்கள். 1971-இல் வறட்சிக்குப் பிறகு, மெத்தில் பாதரசம் பூசிய கோதுமையும் பார்லியும் கப்பல் கப்பலாகப் பாஸ்ராவில் இறங்கின. அது உயர் விளைச்சல் தரும் நல்ல விதை. எச்சரிக்கைக்காகச் செந்நிறச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டைகளில் எச்சரிக்கை வாசகம் இருந்தது. ஆனால் ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும். மண்டையோட்டுச் சின்னம் அந்தக் கிராமத்தாருக்கு எதையும் உணர்த்தவில்லை. பல இடங்களில் விதைப்பு முடிந்தபின் மூட்டைகள் வந்துசேர்ந்தன. வீட்டில் மாவு இல்லை, வாசலில் கோதுமை மூட்டை இருக்கிறது. சிலர் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள், சில நாள் ஒன்றும் ஆகவில்லை. கழுவிப் பார்த்தார்கள், சிவப்பு போயிற்று. பாதரசம் போகவில்லை.

மெத்தில் பாதரசம் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. பல வாரம் கழித்துத்தான் விரல்களும் உதடும் மரத்துப்போகும், நடை தடுமாறும், பார்வை குறுகும், பேச்சு குழறும். அதற்குள் குடும்பமே தினமும் அந்த ரொட்டியைத் தின்றிருக்கும். மருத்துவமனைகளில் 6,530 பேர் சேர்க்கப்பட்டார்கள், 459 பேர் அங்கே இறந்தார்கள். மருத்துவமனைக்கே வராதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கருவிலிருந்த குழந்தைகள் மூளைப் பாதிப்போடு பிறந்தன.

துருக்கியின் தென்கிழக்கில் இது முன்பே வேறு மருந்தால் நடந்திருந்தது. நாற்றக் கரிப்பூட்டைக்காக ஹெக்ஸாகுளோரோபென்சீன் பூசிய விதைக் கோதுமையை 1955 முதல் 1959 வரை மக்கள் உண்டார்கள். சுமார் 3,000 முதல் 4,000 பேர் பாதிக்கப்பட்டனர். வெயில் பட்ட தோல் கொப்பளித்துக் கறுத்தது, குழந்தைகளின் முகத்தில் மயிர் அடர்ந்தது. நஞ்சு தாய்ப்பாலில் ஏறியதால் பால் குடித்த குழந்தைகள் ஏராளமாக இறந்தன. அந்த மருந்து கோதுமைக்கு நல்லதுதான் செய்தது. பிழை மருந்தின் திறனில் இல்லை. பசித்த வீட்டில் விதை எவ்வளவு காலம் விதையாகவே இருக்கும் என்று அனுப்பியவர்கள் கணக்குப் போடவில்லை. அதை அந்த மக்களின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1966-இல் வேதியியலும் ஒரு பெரிய படி தாண்டியது. கார்பாக்சின் என்ற சேர்மத்தைப் பூசினால் அது விதைக்குள் ஊடுருவி, முளைக்கும் செடிக்குள் பரவி, பூஞ்சை இழையின் மூச்சுவினையை நிறுத்துகிறது என்று வான் ஷ்மெலிங்கும் குல்காவும் காட்டினார்கள். கருவுக்குள் படுத்திருந்த உதிர் கரிப்பூட்டையை எட்டிய முதல் மருந்து அது. ஒரு கிலோ விதைக்கு இரண்டு, இரண்டரை கிராம் போதும். இன்று வட இந்தியாவில் உதிர் கரிப்பூட்டை அடங்கியிருப்பதில் இதற்கும் இதற்குப் பின் வந்த மருந்துகளுக்கும் பெரும் பங்குண்டு. பாதரசத்தோடு ஒப்பிட்டால் மனிதருக்கு இவற்றால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மருந்திட்ட விதைக்குச் சாயம் ஏற்றும் வழக்கம் தொடர்கிறது, தொடரவும் வேண்டும்.

விதை நேர்த்தி முழுப் பலன் தராத கரிப்பூட்டையும் உண்டு. 1931-இல் மித்ரா கர்னாலில் கிடைத்த மணிகளை வைத்து விவரித்த நோய், அந்த ஊர் பெயராலேயே அறியப்படுகிறது. இதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு கிடந்து, கதிர் வரும் பருவத்தில் காற்றில் எழும்பிப் பூக்களைத் தொற்றும். பெரும்பாலும் மணியின் ஒரு பகுதி மட்டுமே கரியாகும். விளைச்சல் இழப்பு பெரிதல்ல, ஆனால் நூறு மணிகளில் மூன்றுக்கு மேல் நோயுற்றிருந்தால் மாவில் மீன் வாடை தெரியும். 1996-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் இது தென்பட்டதும் கோதுமை ஏற்றுமதியே ஆட்டம் கண்டது.

நாற்றக் கரிப்பூட்டையும் முற்றாகப் போய்விடவில்லை. ஐரோப்பாவில் வேதி மருந்தில்லாமல் பயிர் செய்யும் பண்ணைகளில் அது திரும்பி வந்திருக்கிறது. அங்கே இன்று விதையைக் கழுவி, ஒரு கோதுமை மணியில் எத்தனை வித்து ஒட்டியிருக்கிறது என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த பிறகே விதைக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். கடுகு மாவு பூசிப் பார்க்கிறார்கள், நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பூசுகிறார்கள். ஸ்வீடனில் ஈரமான சூடான காற்றைச் செலுத்தி விதையைச் சுத்தம் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. யென்சனும் லூத்ராவும் கண்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வழி, பூஞ்சை நுழைந்தாலும் இடம் கொடுக்காத கோதுமை. அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் 1948-இல் கிழக்குத் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். அதைப் பற்றி அவருக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை. உயரமாக வளர்ந்து சாயும், இலைத் துரு நோய் பிடிக்கும், குளிர் தாங்காது, ரொட்டிக்கும் சரிப்படாது. பி.ஐ. 178383 என்று எண்ணிட்டு வைத்தார்கள், சுமார் பதினைந்து ஆண்டு யாரும் தொடவில்லை. 1960-களில் அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு என்ற நோய் பரவியபோது சேமிப்பிலிருந்த கோதுமைகளை எல்லாம் எடுத்துச் சோதித்தார்கள். அந்தச் சோனிக் கோதுமை மஞ்சள் துருவின் நான்கு இனங்களை எதிர்த்து நின்றது. கூடவே நாற்றக் கரிப்பூட்டையின் 35 இனங்களையும், குட்டைக் கரிப்பூட்டை என்ற இன்னொரு வகையின் பத்து இனங்களையும் எதிர்த்தது. ஹெக்ஸாகுளோரோபென்சீன் பூசிய மூட்டைகள் துருக்கிக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில், கரிப்பூட்டைக்கு மருந்தே வேண்டாத இந்தத் துருக்கிக் கோதுமை அமெரிக்காவில் ஒரு விதைச் சேமிப்பில் எண்ணோடு கிடந்தது. அதன் வழிவந்த ரகங்கள்தான் இன்று வாஷிங்டன், ஆரிகன் மாநில வயல்களில் விளைகின்றன.